நாலாவது சக்கரம்

துரைக்கும் பயப்படாமல், புலிக்கும் பயப்படாமல், ஜப்பான்காரனுக்கும் பயப்படாமல் எங்கள் எஸ்டேட்டில் இருந்த ஒரே ஆள் சொரண்டிதான். அவர் பங்குப் பயத்தையும் சேர்த்து நான்தான் பட்டேன். அப்போது நான் மலாயாவில், சுவா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் சின்னக் கிராணி. ஆபீசில் எழுத்து வேலை.

சொரண்டி பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. எங்கள் வெள்ளைக்காரத் துரைக்கோ ரேஸ் கார் பைத்தியம். பந்தயத்தில் சூடேறிய டயர், தரையில் உதிர்ந்த ரப்பர் துணுக்கையெல்லாம் வாரி அப்பிக்கொண்டு வரும். அப்படியே ஓட்டினால் கார் குளிர்ஜுரம் கண்ட மாதிரி உதறும். ஊதுவிளக்கால் லேசாகச் சூடு காட்டி, கத்தியால் சுரண்டி, டயரை மழமழவென்று ஆக்க இவரால்தான் முடிந்தது. மரத்தில் காய்ந்த பாலை உரிக்கிறவனுக்கு இதென்ன பிரமாதம் என்பார். அந்த ஞாபகத்திலேயே ஒருமுறை, டயரில் விழுந்த கீறலுக்கு, மரத்துக் காயத்துக்குப் பூசுகிற தாரைத் தாராளமாகப் பூசிவிட்டார். மறுநாள் கார் ஷெட்டுத் தரையோடு ஒட்டிக்கொண்டது. துரை தாம்தூம் என்று குதித்தார். மருந்து காய்வதற்குள் வண்டியை யார் எடுக்கச் சொன்னது என்று இவர் துரையைத் திட்டினார்.

ஜப்பான்காரன் வந்ததும் துரை காரை விட்டுவிட்டு ஓடினார். அது ஒரு ஜப்பான் அதிகாரி கையில் சிக்கியது. வாங்க ஆளில்லாத ரப்பர் துண்டுகள் புகைக்கூடத்து முற்றத்தில் காய்ந்து கிடந்தன. அவன் அவற்றின்மேலேயே காரைச் சுற்றிச் சுற்றி ஓட்டி விளையாடினான். சூட்டில் நாலு டயரிலும் அப்பிக்கொண்டது. அதோடு போர்டிக்சன் ரோட்டில் பறந்தவன், கார் உதறிக் காவாயில் இறங்கி, மறுநாள் காலை காரும் வாளுமாக வந்து நின்று, டயரைச் சுரண்டச் சொன்னான்.

அதே காலையில்தான் ஆபீஸ் வாசலில் சயாம் லோரியும் நின்றது. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிற லோரி. பட்டியலில் என் பெயர் இருந்தது. போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை.

சொரண்டி டயரைத் தடவிப் பார்த்தார். தனியாகச் செய்ய முடியாது, விளக்குப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தச் சின்னக் கிராணிதான் என்று மலாய் பாஷையில் அதிகாரியிடம் அளந்துவிட்டார். ஐயோ, நான் அந்த விளக்கைத் தொட்டதே இல்லை! அதிகாரி தலையாட்டினான். என்னை வரிசையிலிருந்து இழுத்து வந்தார்கள். முடித்துவிட்டு லோரியில் ஏறிக்கொள்ள வேண்டுமாம்.

மூன்று சக்கரம் மளமளவென்று முடிந்தது. நாலாவதும் பளிச்சென்று ஆகிவிட்டது. மனுஷன் நிறுத்தவில்லை. சுரண்டினதையே சுரண்டினார். லோரிக்காரன் ஹாரன் அடித்தான். அதிகாரி வாளைத் தரையில் தட்டினான். நான் விளக்கோடு அவர் பக்கம் குனிந்தேன்.

"அண்ணே, இதுல ஒண்ணும் இல்லியே," என்றேன் மெதுவாக.

"ஒனக்குத் தெரியாதுலா, கிராணி. லோரி போற வரைக்கும் இருக்கும். கைய ஆட்டாத, டயர்ல காயம் பட்டுரும்."

கத்தியை உயர்த்தி, இன்னும் ஒட்டியிருக்கிறது என்று அதிகாரியிடம் சைகை காட்டினார். அவன் அலுத்துப்போய், லோரியைக் கிளம்பச் சொல்லிக் கையை வீசினான். அது வளைவைத் தாண்டும்வரை கத்தி ஓயவில்லை. அதில் போனவர்களின் முகங்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதிகாரி நாலு டயரையும் தடவிப் பார்த்தான். நாலாவதுதான் அருமை என்றான்.

எனக்கும் அப்படித்தான் பட்டது.