என் மகளின் பெயருக்கு நேர்ந்தது

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சுகம்தானே? நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நடந்ததைச் சொல்லாமல் முடியாது.

மூன்றாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்த்த நாள்முதல் உன் மருமகளுக்குக் காலை ஏழு மணியானால் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. இரண்டு டாக்டர், ஒரு ஸ்கேன் எல்லாம் முடிந்து மூன்றாவது டாக்டர், "வயித்துல ஒண்ணுமில்லீங்க, பள்ளிக்கூடத்துல என்னன்னு பாருங்க" என்றார். பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்டை அப்படியே விட்டுவிட்டு, கிரீஸ் கையோடு ஓடினேன். வகுப்பு டீச்சர், "உங்க பொண்ணு தங்கம் சார், வாயே திறக்க மாட்டா" என்று ஒரு பெயரைச் சொன்னார் பார், தூக்கிவாரிப்போட்டது. அது என் மகளின் பெயரே இல்லை! சேர்வதாகச் சொல்லிவிட்டு வராமலே போன வேறொரு பெண்ணுடையதாம், இவள் பெயர் பதிவேட்டில் ஏறவே இல்லையாம். முதல் நாள் "நீதானே?" என்று கேட்டிருக்கிறார், இவளும் பயந்துபோய் "உள்ளேன்" என்றிருக்கிறாள். மூன்று மாதமாக அதே உள்ளேன்! நோட்டில் நான் ஒட்டிய பெயர்ச் சீட்டைக்கூட அவளே கிழித்திருக்கிறாள்.

"ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கலையேப்பா."

டீச்சர் அங்கேயே அழுதுவிட்டார். மறுநாள் வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்டு, தண்ணீர்த் தொட்டியோரம் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை நடு பெஞ்சில் உட்கார வைத்தார்.

அதோடு முடிந்ததா? நேற்று மாலை பையைத் தூக்கியெறிந்துவிட்டு, "அப்பா, எனக்குப் பட்டப்பேர் வச்சிட்டாங்க! ஓட்டை ரேடியோ!" என்று குதித்தாள். பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லையாம். எனக்குப் பகீரென்றது. தேடித்தேடி வைத்த பெயர் மூன்று மாதம் தொலைந்து, கிடைத்த மறுவாரமே ஓட்டை ரேடியோவா? "நாளைக்கே வந்து ரெண்டுல ஒண்ணு பாக்கறேன்" என்றேன். "வந்து கெடுத்துடாதீங்கப்பா! அங்க எல்லாருக்கும் ஒண்ணு இருக்கு, எனக்கு மட்டுந்தான் இல்லாம இருந்துச்சு" என்று காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இன்று ஆறரைக்கே சீருடையோடு வாசலில் நிற்கிறாள். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

இருந்தாலும் பெற்ற மனசு கேட்குமா? உங்கள் ஊர்ப் பள்ளியில் உடனே ஒரு விண்ணப்பம் வாங்கி அனுப்பு.

அத்தானுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் குறையாமல் சேர்த்துவிடு.

திகைப்பு இன்னும் தீராத
உன் தம்பி

பி.கு.: விண்ணப்பம் வேண்டாம். சாயங்காலம் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு வாண்டு, "ரேடியோ, உன் ஆன்டெனா வந்துட்டாரு!" என்று கத்தியது. யாரைச் சொல்கிறது என்று திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாருமில்லை. எனக்கும் வைத்துவிட்டார்கள், அக்கா!