பதினாலு மாதக் குற்றவாளி

எங்கள் அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கை என்றால் ஆள், வயது பார்ப்பதில்லை. இதற்கு என் மகளே சாட்சி. அவளுக்கு வயது பதினாலு மாதம். வீட்டில் சிட்டு, ஃபைலில் 'மேற்படி குழந்தை'.

ஊழியர்களின் பிள்ளைகளுக்காக அலுவலகக் கீழ்த்தளத்தில் ஒரு காப்பகம் இருக்கிறது. சிட்டுவை அங்கே விட்ட பிறகுதான் என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்து இரண்டே மாதம். காப்பகத்தில் இடம் போனால் அவள் வேலையும் போகும். இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். சிட்டுவுக்கு மட்டும்தான் தெரியாது.

நடந்தது இதுதான். பிள்ளைகள் தூங்கும் நேரமாகப் பார்த்து இயக்குநர் காப்பகத்தை ஆய்வு செய்ய வந்தார். போட்டோவுக்காகச் சிட்டுவைத் தூக்கினார். அவள் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள். அவர் திரும்பப் பிடுங்கினார். உடனே இவள் வில்லாக வளைந்து, கையிலிருந்து வழுக்கித் தரையில் படுத்து, கட்டிடமே அதிர வீறிட்டாள். கிட்டே குனிந்த இயக்குநரின் முழங்காலில் ஓர் உதையும் விழுந்தது. மறுநாள் குறிப்பாணை வந்துவிட்டது.

'உயர் அலுவலரின் கண்ணாடியை முன் அனுமதியின்றிக் கைப்பற்றியதற்கும், அலுவலக நேரத்தில் உரத்த குரல் எழுப்பியதற்கும் மேற்படி குழந்தையை ஏன் காப்பகத்திலிருந்து நீக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும்.'

பிரிவுத் தலைவரிடம் ஓடினேன்.

"சார், குழந்தைக்கு எழுதத் தெரியாதே!"

"அதுக்கென்னய்யா? பெருவிரல் ரேகை வை. எழுதத் தெரியாதவங்களுக்குன்னுதானே விதியில அந்த வசதியே குடுத்திருக்கு."

வைத்தோம். அதாவது, வைக்கப் பார்த்தோம். மை தொட்ட விரல் நேரே வாய்க்குப் போனது. விளக்கக் கடிதத்தில் ஐந்து விரலும் விழுந்தன, கொஞ்சம் எச்சிலும். பிரிவுத் தலைவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "காய வெச்சுக் கொண்டா" என்றார். மனுஷன் நல்லவர்.

விசாரணை நாளும் வந்தது. இயக்குநர், பிரிவுத் தலைவர், இருவருக்கும் நடுவே வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட மழலை உணர்வு ஆலோசகர். குழந்தை அடம் பிடிப்பதைப் பற்றி மூன்று நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர். இப்போது இதுதான் எங்கும் மோஸ்தர். நான் டைப் மெஷினோடு மூலையில். அப்பனும் நானே, சுருக்கெழுத்தும் நானே; இன்னொரு சுருக்கெழுத்தர் லீவு.

காப்பக ஆயாம்மா சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தூங்கினா எப்படி விசாரிக்கிறது? எழுப்புங்க!" என்றார் இயக்குநர்.

"ஐயா, பாதித் தூக்கத்துல எழுப்பினா அழும்யா. அன்னிக்கும் அதனாலதான்…"

"உங்ககிட்ட கேட்டாங்களா?"

எழுப்பினார்கள். அவ்வளவுதான். மேசைக்கடியில் உருண்டு, மூக்கு வழிய, மூச்சடக்கி, சிவந்து, ஒரு பாடு அழுதாள். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்பார்களே, அது அப்பனுக்கும் எரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"யாரும் தூக்கக் கூடாது. அது பழைய முறை," என்று ஆலோசகர் கையை உயர்த்தினார். "குழந்தையோட கண் மட்டத்துக்கு நாம இறங்கணும். அதோட உணர்வை அங்கீகரிக்கணும்."

இறங்கினார்கள். ஆலோசகர் குப்புறப் படுத்தார். பிரிவுத் தலைவர் தொந்தி இடித்ததால் ஒருக்களித்துப் படுத்தார்.

"சிட்டு, நீங்க கோபமா இருக்கீங்கன்னு எனக்குப் புரியுது," என்றார் ஆலோசகர்.

"எனக்கும் புரியுது," என்று பிரிவுத் தலைவர் வழிமொழிந்தார்.

சிட்டு இன்னும் ஒரு சுருதி ஏற்றினாள். உணர்வை நாற்பது நிமிடம் அங்கீகரித்தார்கள். கடைசியில் ஆலோசகர் தண்ணீர் குடிக்க எழுந்த சமயம் பார்த்து, ஆயாம்மா குழந்தையை வாரித் தோளில் போட்டு முதுகைத் தட்டினார். நாலு தட்டில் தூங்கிவிட்டாள். "இதை எழுத வேண்டாம்," என்றார் ஆலோசகர் என்னிடம்.

மணி இரண்டரை. இயக்குநரின் சாப்பாடு வந்து சேரவில்லை. டிரைவரின் வண்டி வழியில் பஞ்சராம். கேட்டதும் இயக்குநருக்கு முகம் சிவந்தது. ஃபைலைத் தூக்கி எறிந்தார். பேனா பறந்தது. "எனக்கு இப்பவே வேணும்! இப்பவே!" என்று காலைத் தரையில் உதைத்தார். நாங்கள் சுவரோடு சுவராக ஒட்டினோம். ஆலோசகர் சான்றிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய வகுப்பு மூன்று வயது வரைக்கும்தானாம்.

ஆயாம்மா மட்டும் அசையவில்லை. ஒரு தோளில் சிட்டு. இன்னொரு கையால் இடுப்புப் பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்து இயக்குநர் கையில் வைத்தார்.

"பசிதான்யா. வேற ஒண்ணுமில்ல. உக்காந்து தின்னுங்க."

இயக்குநர் உட்கார்ந்தார். தின்றார். விக்கி விக்கி மூச்சு வாங்கி, அமைதியானார். அறையில் பிஸ்கட் கடிபடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. கடைசித் துணுக்கையும் விழுங்கிய பிறகுதான், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார்.

மாலையில் இரண்டு உத்தரவுகள் வந்தன. முதலாவது: இளம் வயதைக் கருத்தில் கொண்டு மேற்படி குழந்தை மன்னிக்கப்படுகிறது, இடம் தொடரும். இரண்டாவது: உரிய சான்றிதழின்றி ஓர் உயர் அலுவலரை அமைதிப்படுத்திய குற்றத்துக்காகக் காப்பக ஆயா நாளை முதல் நீக்கப்படுகிறார். அவர் இடத்தில் ஆலோசகர்.

இரண்டையும் நான்தான் டைப் அடித்தேன். இரண்டாவதில் ஓர் எழுத்து தப்பியது; தாளை உருவிவிட்டுப் புதிதாக அடித்தேன். வீட்டில் முதல் உத்தரவை மட்டும் சொன்னேன். மனைவி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

காலையில் வாசலில் ஆயாம்மா நின்றிருந்தார். சிட்டு அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். அவர் வாங்கவில்லை, உள்ளே வரவோ பிள்ளைகளைத் தொடவோ கூடாதென்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார்.

"தம்பி, காகிதம் ஒண்ணு குடுத்தாங்க. என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்களேன்."

வரி விடாமல் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடித்தல் திருத்தல் இல்லாம எவ்வளவு நறுவிசா அடிச்சிருக்காங்க பாருங்க. யாரு தம்பி அடிச்சது?"

"ஆபீஸ்ல அடிச்சாங்க ஆயாம்மா," என்றேன்.