மனந்திருந்தியோர் வரிசை

அந்த ஐந்து மாடிக் கடையில், விற்ற பொருளைத் திருப்பி வாங்குவதற்கென்று ஒரு கவுண்டர் உண்டு. அங்கே பதினோரு வருடமாக நின்றுகொண்டிருக்கும் பெண்மணிக்கு ரிட்டர்ன் அக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. நின்றுகொண்டிருக்கும் என்பது அலங்காரச் சொல் அல்ல. ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்பது கடையின் விதி. இந்த விதியை அக்காவின் இடது முழங்கால் மட்டும் ஏற்கவில்லை.

"ஒரே நாள்ல ஒன்பது மணி நேரத்துக்கு மேல நின்னீங்கன்னா அப்புறம் ஆபரேஷன்தான். என்கிட்ட வந்து அழாதீங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வேலை நேரமே சரியாக ஒன்பது மணி நேரம்.

இந்நிலையில்தான், கடை முதலாளியைத் தலைவராகக் கொண்ட அருள்நெறி மன்றம் ஆண்டுக் கூட்டுப் பிரார்த்தனையை அறிவித்தது. நான்கு மணி நேரம். ஊரார் யாரும் வரலாம். ஊழியர் அனைவரும் வேலை முடிந்ததும் தத்தம் சொந்த விருப்பத்தின்பேரில் கட்டாயம் வந்தாக வேண்டும். முதல் மூன்று வரிசைகளுக்கு மெத்தை வைத்த நாற்காலி. மற்றவர்கள் நின்று வழிபடலாம்.

நாற்காலி யாருக்கு? சுற்றறிக்கை ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. "மனந்திருந்தியோருக்கு மட்டும். பாவச் சுமையை இறக்கியவர்களுக்குக் களைப்பு அதிகம் என்பதை மன்றம் கனிவுடன் கருத்தில் கொண்டுள்ளது."

திருந்தினார் என்றால் அதற்குச் சான்று வேண்டாமா? யாரையாவது திட்டி, அதற்காக மனம் வருந்தியதற்குச் சான்றாக ஏழாம் எண் படிவம் அச்சாயிற்று. திட்டியவர் பெயர், திட்டு வாங்கியவர் பெயர், திட்டின் தரம் (லேசானது, நடுத்தரம், கடுமையானது), கீழே திட்டு வாங்கியவரின் கையெழுத்து. பெரிய பாவிக்குத்தான் பெரிய மனமாற்றம் என்பதால் கடுமையானவர்களுக்கு முதல் வரிசை.

மறுநாள் கடை திறந்த பத்தாவது நிமிடம் ரிட்டர்ன் கவுண்டரின் முன்னால் நின்ற வரிசை வாசலைத் தொட்டது. திட்டு வாங்குவதில் அக்காவுக்கு இருந்த அனுபவம் ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

முதலில் வந்தவர் தங்க ஃபிரேம் கண்ணாடிக்காரர். கையில் நாலு வருடம் உழைத்த மிக்ஸி.

"இதை மாத்திக் குடு. பேந்தப் பேந்த முழிக்காதே. சம்பளம் வாங்கல நீ?"

அக்கா 'நடுத்தரம்' என்பதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"நடுத்தரமா? நான் இந்த ஊர்ல எப்பேர்ப்பட்ட ஆளு தெரியுமா? என்னைப் போய் ரெண்டாவது வரிசையில உட்கார வெப்பியா? உன்னையெல்லாம் யாரு வேலைக்குச் சேர்த்தது, மரமண்டை!"

"இப்பச் சரியா இருக்கு சார்" என்று அக்கா திருத்திக் கொடுத்தார்.

அடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

"நீங்க வந்து... கொஞ்சம் மெதுவா வேலை பார்க்கிறீங்களோன்னு..."

"ஐயா, இது திட்டுல சேராதே. 'உனக்கு அறிவிருக்கா'ன்னு ஆரம்பிங்க, தானா வரும்."

"எப்படிம்மா கூசாம..."

"வீட்டுக்காரம்மாகிட்ட பேசுற மாதிரி நினைச்சுக்கங்க."

அவர் சரளமாகத் திட்டிவிட்டு, முதல் வரிசைக்கான படிவத்தோடு போனார்.

மூன்று நாளில் அக்கா இருநூற்றுப் பன்னிரண்டு பேரைத் திருத்திவிட்டார். நாலாம் நாள் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், எனக்கும் ஒரு நாற்காலி வேணும். முழங்கால்..."

"நீங்க யாரையாவது திட்டியிருக்கீங்களாம்மா?"

"இல்லை சார்."

"யார் மேலயாவது எரிஞ்சு விழுந்தது?"

"பதினோரு வருஷத்துல ஒருத்தர் மேலயும் இல்லை சார்."

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "அப்புறம் எதை வெச்சு மனந்திருந்துவீங்க? சரக்கே இல்லாம பில் போடச் சொல்றீங்களே. உங்க மேல மன்றத்துக்கு ரொம்ப மரியாதை இருக்கு. நின்னுக்கங்க."

பிரார்த்தனை நாள் வந்தது. வேலை முடிய அரை மணி இருந்தது. முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. பக்கத்துக் கவுண்டரில் பரிசுப் பொருளுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தாள் ரிப்பன் என்று எல்லோரும் அழைக்கும் பெண். அக்காவின் மதியச் சாப்பாட்டில் பாதி தினமும் அவளுக்குத்தான்.

"ரிப்பன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனசுல வெச்சுக்காதே."

"சொல்லுங்கக்கா."

"உனக்கு... அறிவிருக்கா?"

அவ்வளவுதான். பதினோரு வருடம் வாங்கி வைத்த சரக்கெல்லாம் வரிசை தப்பாமல் வெளியே வந்தது. மரமண்டை வந்தது, தண்டச் சம்பளம் வந்தது, வளர்த்தவர்களின் லட்சணமும் வந்தது. ரிப்பனின் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. கண் கலங்க, அவளே படிவத்தை வாங்கி 'கடுமையானது' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள். அக்கா அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

முதல் வரிசை, நடு நாற்காலி. மெத்தை கடையில் விற்பதைவிட நன்றாகவே இருந்தது. அக்கா காலை நீட்டிக்கொண்டார். மேடையில் பிரார்த்தனையை நடத்த வந்த அருளாளர், இத்தனை தூய உள்ளங்களை ஒருசேரத் தாம் கண்டதே இல்லை என்று நெகிழ்ந்தார். கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அக்காவின் தோளை யாரோ மெல்லத் தொட்டார்கள். கைத்தடி ஊன்றிய ஒரு முதிய பெண்மணி.

"கொஞ்சம் நகர்ந்துக்கிறியாம்மா? ஓரமா உட்கார்ந்துக்கிறேன். கால் தாங்கல."

"ஏழாம் நம்பர் படிவம் இருக்கா?"

"அதெல்லாம் இல்லையேம்மா. நான் யாரையும் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது."

"அப்ப நில்லுங்க" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.