நாய்க்குப் புல எண் போட்ட சர்வேயர்

நிலத்தை அளந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. நாயை அளந்து, எல்லை பிரித்து, புல எண் கொடுத்து, வரைபடமும் போட்டு வைத்த ஒரே மனிதர் பெரம்பலூரில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்த சர்வேயர்தான். அந்த நாய் என்னுடையது. என் வயிற்றெரிச்சலுக்கு அதுதான் காரணம்.

அவருக்கும் பெற்றோர் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் கேன் போடுகிறவர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் சர்வேயர். சொந்த ஊர் உடையார்பாளையம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, தனியாளாக எங்கள் தெருவுக்கு வந்தார். உத்தியோகம் ஓய்ந்தாலும் கண் ஓயவில்லை. தெருவில் நடந்தால் யார் வீட்டுப் படி எத்தனை அங்குலம் ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடப்பார். தோசை வைத்தால்கூட, "வடகிழக்கு மூலை கொஞ்சம் இழுத்துருக்கும்மா" என்றுதான் சாப்பிட ஆரம்பிப்பார்.

நாய் வந்த கதை சின்னது. பெங்களூரில் இருக்கும் என் மகன் ஒரு குட்டி டூடுல் வாங்கினான். பூடில் ரகத்தோடு இன்னொரு ரகத்தைச் சேர்த்துப் பிறந்த ஜாதி. முழங்கால் உயரம்கூட இல்லை, உடம்பு முழுக்கச் சுருள் சுருளாக ஆரஞ்சு நிற முடி. ஃபிளாட்காரர்கள் நாய் கூடாது என்றதும் எங்களிடம் கொண்டுவந்து விட்டான். "இந்த ரகத்துக்கு முடியே கொட்டாதுப்பா. வீடு சுத்தமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அன்றே பஸ் ஏறிவிட்டான். என் மனைவி மல்லிகா அதைப் பார்த்த மாத்திரத்தில் ஜாங்கிரி என்று பெயர் வைத்தாள். அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

நான் எறையூர் ஆலையில் கரும்பு எடை போடுகிறவன். ஷிப்ட் முடிந்து வந்ததும் தினமும் பத்து நிமிஷம் ஜாங்கிரிக்கு பிரஷ் போடுவேன். திருச்சியில் தேடி வாங்கிய பிரஷ். மேலாக நாலு இழு இழுத்தால் புதுத் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு நாள் எதிர்வீட்டிலிருந்து சர்வேயர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டீல் சீப்பை எடுத்தார். எங்கள் நாயை ஒரு வாரமாகத் தன் ஜன்னலிலிருந்து பார்த்து, செல்போனில் அந்த ரகத்தைப் பற்றிப் படித்து, அதற்கென்றே சீப்பும் வரவழைத்திருக்கிறார். ஜாங்கிரியின் காதுக்குப் பின்னால் சீப்பை இறக்கினார். பாதியில் நின்றுவிட்டது. இழுத்தால் வரவில்லை.

"மேல பயிர் பச்சையாத்தான் இருக்கு தம்பி. கீழ பூரா களை" என்றார்.

"முடியே கொட்டாத ரகம் சார் இது."

"கொட்டாத முடி எங்க போவும்? உள்ளயே நின்னு, பக்கத்து முடியோட சிக்கிக்கும். தோல்லேர்ந்து சீவணும். நீங்க தார் ரோடு போட்டுருக்கீங்க, அடியில சல்லியே இல்ல."

சமையலறையிலிருந்து மல்லிகா எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கீங்கண்ணே!" என்றாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அந்தக் குரலில் என்னிடம் அவள் எதையும் சொன்னதில்லை. எரிச்சல் அன்றைக்குத்தான் பிடித்தது.

மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கு சர்வேயர் எங்கள் வாசலில் ஆஜர். கையில் ஒரு நீள நோட்டு. அதில் ஜாங்கிரியை வலப்பக்கம், இடப்பக்கம், மேலிருந்து என்று மூன்று விதமாகப் படம் வரைந்து பதினான்கு புல எண்களாகப் பிரித்திருந்தார். வயிறு நத்தம். கழுத்துப் பட்டை உரசும் இடம் வண்டிப்பாதை. காதுக்குப் பின்புறம் ஏழாம் எண், அது புறம்போக்கு.

"புறம்போக்கைத்தான் தம்பி யாரும் கவனிக்க மாட்டாங்க. ஆக்கிரமிப்பு மொதல்ல அங்கதான் வரும்" என்பார். சிக்கு என்ற சொல்லே அவர் வாயில் வராது. ஆக்கிரமிப்புதான்.

அவர் சீவுவதைப் பார்க்கத் தெருவே நிற்கும். முதலில் லேசாகத் தண்ணீர் தெளிப்பார். இடது கையால் முடியை மேலே ஒதுக்கி, தோல் தெரிகிற மாதிரி நேர்க்கோடாக ஒரு வகிடு எடுப்பார். வேரை விரலால் அழுத்திக்கொண்டு, அந்த ஒரு வரிசையை மட்டும் கீழே சீவுவார். பிறகு அடுத்த வகிடு. கோடு கோணினால் அழித்துவிட்டு மறுபடி எடுப்பார். ஒரு நாளைக்கு இரண்டு எண்தான். முடிந்ததும் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டு. நான் பிரஷ்ஷை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடுகிற நாய், அவர் மடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்.

ஒரு நாள் நானும் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். அவர் என் தலையை நிமிர்ந்து பார்த்தார். என் தலை வழுக்கை. "உங்களுது தரிசு தம்பி. அளக்க வேண்டியதே இல்ல" என்றார். மல்லிகா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி தளும்பியது. அந்தக் காபியும் அவருக்குத்தான். முதல் டிகாஷன். எனக்கு வந்தது இரண்டாவது.

நான் பொறாமைக்காரன் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். தூங்கும்போதுகூடப் பொறாமைப்பட்டேன். ஜாங்கிரி எனக்கு வாலை மட்டும் ஆட்டும். அதுவும் மூன்று ஆட்டு, எண்ணியிருக்கிறேன். எதிர்வீட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் மூக்கிலிருந்து வால்வரை முழு நாயும் ஆடும்.

எல்லாவற்றுக்கும் சிகரம், புது பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் நடந்தது. ஜாங்கிரியைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறேன். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே கூப்பிட்டார்.

"ஏங்க, இது சர்வேயர் சார் நாயில்ல? நீங்க எதுக்கு இழுத்துக்கிட்டுப் போறீங்க?"

"என் நாய்ங்க இது."

"அப்படியா?" என்று அவர் ஜாங்கிரியைப் பார்த்தார். ஜாங்கிரி வேறு பக்கம் பார்த்தது. டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன். நாயை எப்படியாவது என் பக்கம் திருப்பியாக வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

எட்டாவது மாதம் வாய்ப்பு வந்தது. உடையார்பாளையத்தில் தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து என்று சர்வேயர் நான்கு நாள் ஊருக்குப் போனார். அதே நேரம் மல்லிகாவும் வேப்பந்தட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். சர்வேயர் போகும்போது சீப்பை என்னிடம் நீட்டி, "நாளைக்கு ஏழும் எட்டும் தம்பி. மறந்துடாதீங்க" என்றார். சீப்பை வாங்கி டி.வி. மேல் வைத்தேன். அங்கேயே இருக்கட்டும் என்றுதான் வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஜாங்கிரியை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ரஞ்சன்குடிக்குப் போனேன். கோட்டைக்குள் அவிழ்த்து விட்டேன். அது ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! இந்தப் புதருக்குள் நுழைந்து அந்தப் புதரில் வெளியே வரும். என்னிடம் ஓடி வந்து, காலைச் சுற்றி, திரும்ப ஓடும். முழு நாயும் ஆடியது. எனக்காக! கோட்டையைப் பிடித்தவன்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உடம்பு முழுக்க நாயுருவி, ஒட்டுப்புல், பெயர் தெரியாத முள். ஒன்றைப் பிடுங்கினால் நாலு உள்ளே போனது.

எங்கள் வம்சத்தில் முடி சம்பந்தப்பட்ட எந்தப் பிரச்சினைக்கும் ஒரே தீர்வுதான், நல்லெண்ணெய். ஜாங்கிரி ஆண் நாய், ஆண்களுக்குச் சனிக்கிழமை, சாஸ்திரமும் சரியாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக எண்ணெய் தேய்த்தும் என் தலை ஏன் இப்படி இருக்கிறது என்று அந்த நேரத்தில் யோசிக்கத் தோன்றவில்லை. ஒரு கரண்டி எண்ணெயைக் காய்ச்சி, ஆற்றி, உச்சி முதல் வால்வரை அரக்கித் தேய்த்தேன். அரை மணி ஊற வைத்தேன். பிறகு சீயக்காய் போட்டுக் கசக்கோ கசக்கென்று கசக்கினேன். துண்டால் அழுத்தித் துவட்டி வெயிலில் கட்டினேன்.

பெரம்பலூர் வெயில் தன் கடமையைச் செய்தது. சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன். கால்மிதி. வாசலில் போட்டால் நாலு பேர் கால் துடைத்துவிட்டுப் போவார்கள். முள், எண்ணெய், சீயக்காய், முடி எல்லாம் சேர்ந்து ஒரே பலகை. டி.வி. மேலிருந்த சீப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். முனைகூட இறங்கவில்லை. ஜாங்கிரி ஒரு எட்டு எடுத்து வைக்கும், தோல் இழுக்கும், நின்றுவிடும். கத்தவில்லை. என்னைப் பார்த்தது.

ஞாயிறு மாலை மல்லிகா வந்தாள்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க புள்ளய?"

"மழையில நனைஞ்சுட்டான்."

"பெரம்பலூர்லயா? மழையா?"

நான் எண்ணெய்க் கரண்டியைக் கழுவப் போனேன்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு எதிர்வீட்டில் செருப்புச் சத்தம். ஜாங்கிரி ஆட முயன்றது, உடம்பு ஆடவில்லை. சர்வேயர் வந்து தரையில் உட்கார்ந்தார். தொட்டார். மோந்து பார்த்தார். ஏழாம் எண்ணில் விரலை வைத்து, எட்டுக்கு வந்து, பதினான்குவரை ஒவ்வொன்றாகத் தடவினார். நான் கதவோரமாக நின்றேன். எட்டு மாசம் அவர் சேர்த்தது அது. அவர் ஒரு வார்த்தை திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

"யாருண்ணே இப்படி எண்ணெய் வச்சு விட்டது?" என்றாள் மல்லிகா. கேள்வி அவரிடம், கண் என்மேல்.

"நாந்தாம்மா. சூட்டுக்கு லேசா எண்ணெய் வைக்கச் சொல்லிட்டுப் போனேன். என் தப்பு" என்றார் சர்வேயர்.

அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் இன்னும் பத்து வருஷம் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன். அந்த மனிதர் அதையும் கெடுத்துவிட்டார்.

"நான் ஒரு வாரம் லீவு போடுறேன் சார். உட்கார்ந்து பிரிச்சுடலாம்" என்றேன்.

"வேண்டாம் தம்பி. பிரிச்சா உயிர் போற மாதிரி வலிக்கும். அப்புறம் சீப்பைக் கண்டாலே பயந்துக்கும். முடி நாலு மாசத்துல வந்துடும், பயம் போவாது. மொட்டை போட்டுருவோம்."

சீப்போடு சேர்த்து அவர் வாங்கி வைத்திருந்த கிளிப்பர் அட்டைப்பெட்டிக்குள் பிரிக்காமலே இருந்தது. "இதைத் திறக்கற நாள் வரக்கூடாதுன்னு இருந்தேன்" என்றபடி திறந்தார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் தோலை இழுத்துப் பிடித்து, மெஷின் சூடாகிறதா என்று கையில் வைத்துப் பார்த்துப் பார்த்து எடுத்தார். ஆரஞ்சு முடி ஸ்வெட்டர் கழற்றின மாதிரி ஒரே துண்டாகக் கழன்று விழுந்தது. உள்ளேயிருந்து எலிக்கு அண்ணன் மாதிரி ஒன்று வெளியே வந்தது. தன்னையே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, உடம்பை உதறிக்கொண்டு, வீட்டைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடியது. கடைசியில் வந்து ஒண்டியது அவர் மடியில். நியாயம்தான்.

சர்வேயர் நோட்டை எடுத்தார். எட்டு மாதப் பக்கங்களுக்குக் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, "மறு நில அளவை" என்று எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டையும் சீப்பையும் என்னிடம் கொடுத்தார்.

"இனிமே நீங்க சீவுங்க தம்பி. முடி குட்டையா இருக்கறப்பவே பழகிக்கிட்டா, ரெண்டு பேருக்கும் சுலபம்."

அப்போதுதான் அந்த நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். அச்சு எழுத்து மாதிரி எழுதியிருந்தார். நாய்: ஜாங்கிரி. பட்டாதாரர்: கு. ராசேந்திரன். அது என் பெயர். தேதி, அவர் முதன்முதலில் சீப்போடு எங்கள் வாசலுக்கு வந்ததற்கு மறுநாள். டீ மாஸ்டர் என்ன சொன்னால் என்ன, சொத்து ஆரம்பத்திலிருந்தே என் பெயரில்தான் இருந்திருக்கிறது. தினமும் நூறு டிராக்டர் கரும்பை எடை போடுகிற எனக்கு, எதிர்வீட்டு ஆளை எடை போடத் தெரியவில்லை.

வயதான காலத்தில் தனியாக இருக்க வேண்டாம் என்று தங்கச்சி கூப்பிட்டுவிட்டதால், சர்வேயர் இப்போது உடையார்பாளையத்திலேயே அவர் வீட்டோடு இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூர் வந்து பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வருவார். ஜாங்கிரிக்கு முடி பழையபடி வளர்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் தெளித்து, வகிடு எடுத்து, தோலிலிருந்து இரண்டு எண் நான்தான் சீவுகிறேன். ஜாங்கிரி என் மடியிலும் கண்ணை மூடுகிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டதும் முழு நாயும் ஆடுகிறது. முதல் டிகாஷன் இன்னமும் அவருக்குத்தான். எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

இருந்தாலும் அவர் வருகிற வாரம், வெள்ளிக்கிழமையிலிருந்து ஏழாம் எண்ணில் மட்டும் நான் கை வைப்பதில்லை. அவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிற மனிதர், காதுக்குப் பின்னால் சீப்பை இறக்கி, "என்னா தம்பி, ஆக்கிரமிப்பு!" என்று என்னைத் திட்டுவதற்கு ஒரு சின்னச் சிக்காவது இருக்க வேண்டாமா?