பாலிஷ் மாப்பிள்ளை

போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்ப்பவனுக்கு எதைக் கண்டாலும் விலை போட்டுப் பார்க்கத் தோன்றும். (கோயிலுக்குப் போனாலும் மணி எத்தனை கிலோ தேறும் என்றுதான் யோசிப்பேன்.) அந்தப் புத்தி என் மாமனாரின் கைக்கடிகாரத்தின் மேல் விழுந்ததுதான் வினை.

மாமனார் தேவாரத்துக்காரர். முன்பு மலை எஸ்டேட் ஒன்றில் கணக்கப்பிள்ளை. ஊரைவிட்டுப் போன முதலாளி கழற்றிக் கொடுத்த சுவிஸ் கடிகாரம் அவர் கையைவிட்டு இறங்கியதே இல்லை. வெள்ளை முகப்பு வெயில் பட்டுப் பட்டுக் காப்பிக்கறையாகப் பழுத்திருந்தது.

ஒருநாள் போனில் ஏதோ வெளிநாட்டு ஏலத்தின் வீடியோ வந்தது. அச்சு அசலாக அதே கடிகாரம், அதே பழுப்பு. அது போன விலைக்கு மாடிவீடு கட்டலாம். ஏன் அந்த விலை என்று ஒருவர் வேகமான ஆங்கிலத்தில் விளக்கினார். எனக்கு விலை மட்டும் புரிந்தது.

"ஒழுகுற வீட்ட இடிச்சுக் கட்டிருவோம் மாமா" என்றேன். அவர் மனமில்லாமல் கழற்றினார்.

"பாத்து மாப்ள. அங்கன இங்கன வச்சிராதீக."

ஏலக்காயைத் தேய்த்துக் காம்பு உதிர்த்து, பச்சை மாறாமல் கொண்டுபோனால்தான் விலை. பழுத்த காயை யாரும் தொடமாட்டார்கள். பழுப்புக்கே அவ்வளவு என்றால் பளபளப்புக்கு எவ்வளவு? தேனியில் ஒரு வாட்ச் கடையில் கொடுத்து, கடிகாரத்தின் உடம்பைத் தேய்த்து, முகப்புக்கு வெள்ளைப் பெயிண்டும் அடித்து வாங்கினேன்.

தேய்க்கக் கொடுக்கும் முன்பே நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, பழைய கடிகாரம் சேகரிக்கும் ஒருவர் கொச்சியிலிருந்து தேவாரம் வீட்டுக்கே வந்தார். மாமியார் நாட்டுக்கோழி அடித்திருந்தார். வந்தவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது ஆரு செய்தது?"

"நாந்தான்" என்றேன், காலரை இழுத்துவிட்டுக்கொண்டு.

"கஷ்டமாயிப் போச்சே சாரே. அந்தப் பழுப்புக்குத்தான் வில. வெயில் போட்ட நெறம் அது, ஆளு போட முடியாது."

அவமானத்தை முந்திக்கொண்டு ஆர்வம் வந்துவிட்டது எனக்கு. "கீறல் இருந்தாலுமா?"

"கீறலும் வேணும். இப்ப எல்லாரும் கைபடாத அசலத்தான் தேடறாங்க. கூட வந்த பெட்டி இருந்தா அதுக்கும் தனி வில."

மாமியார் எழுந்துபோய், ஊசிநூல் போட்டு வைத்திருந்த சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். கொச்சிக்காரர் கண் விரிந்தது. கடிகாரத்தை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பணத்தில் சமையலறைக்கு மட்டும் ஓடு மாற்றினோம். மற்ற அறைகளில் இன்றும் பாத்திரம் வைத்துத்தான் மழைநீர் பிடிக்கிறார்கள்.

மாமனார் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டார். "வேற யாரோட வாட்சையோ கட்டுன மாரி இருக்கு மாப்ள" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன வருடம் என் கொழுந்தியாள் கல்யாணத்துக்கு, மாமனாரிடம் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளச் சொன்னேன். மண்டபத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள்.

"வேணாம் மாப்ள. பழுத்தது பழுத்தபடியே இருக்கட்டும். ஒங்க கை பட்டா வெல எறங்கிரும்."

அத்தனை பேரும் திரும்பி, காலையில்தான் சாயம் பூசியிருந்த என் தலையைப் பார்த்தார்கள்.