தலைப்பு காலியாக இருந்தால்

முட்டாள்தனமாகச் செய்கிற காரியத்தை யாராவது நடுவிலேயே தடுத்துவிடுவார்கள். அறிவாளி என்று நினைத்துக்கொண்டு செய்கிற காரியம்தான் ஆளைக் கவிழ்க்கும். (நம் அறிவாளித்தனத்தைத் தடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?)

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மயிலாடுதுறையில் இணையதளம் செய்து தருகிறவன் என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்தேன். கார்டு நிறைய இருந்தது, வாடிக்கையாளர் ஒருவர்தான். திருக்கடையூரில் மண்டபம் வைத்திருந்தவர். அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள அங்கே வரும் ஒவ்வொரு தம்பதிக்கும் ஓர் அழைப்பிதழ்ப் பக்கம் வேண்டும் என்றார்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே டெம்ப்ளேட் செய்தேன். பேரையும் படத்தையும் மாற்றினால் புதுப் பக்கம் தயார். ஆனால் பக்கத்துக்குத் தலைப்பு என்று தனியாக ஒன்று உண்டு. பிரவுசரின் உச்சியிலும், வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் அதோடு கொட்டை எழுத்திலும் தெரியும். அதை ஒவ்வொரு தடவையும் யார் அடிப்பது? தலைப்பு கொடுத்தால் அதைப் போடு, காலியாக விட்டால் 'அறுபதாம் கல்யாண அழைப்பிதழ்' என்று நீயே போட்டுக்கொள் என்று ஒரு வரி எழுதிவைத்தேன். அந்த ஒரு வரிக்காக என்னை நானே இரண்டு நாள் மெச்சிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா கவிதாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை செந்தில், நாகப்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் போடும் பிளாண்ட் வைத்திருந்தார். வயது முப்பத்தாறு, முன்மண்டை வழுக்கை. நாலு இடத்தில் 'பையனுக்கு வயசாயிடுச்சு' என்று தட்டிக்கழித்திருந்ததால் அவருடைய அம்மாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. அக்காவுக்கோ அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பெண் பார்த்த நாளிலிருந்து போனும் சிரிப்புமாகவே திரிந்தாள்.

"பத்திரிகைப் பக்கம் நான் பண்ணித் தரேன்" என்று நான்தான் குதித்தேன். அதே டெம்ப்ளேட். பேரை மாற்றினேன், படத்தை மாற்றினேன், தலைப்பைக் காலியாக விட்டேன். (ஒரு தடவை சரிபார்க்கக் கூடாதா என்கிறீர்களா? பார்த்தேனே! பூ உதிர்கிற அனிமேஷன் ஒழுங்காக உதிர்கிறதா என்று பார்த்தேன்.) அப்பா லிங்க்கைச் சம்பந்தியம்மாவுக்கு அனுப்ப, அவர் ஆசை ஆசையாக, கண்ணாடிகூடப் போடாமல், சொந்தம் முழுக்க அனுப்பிவிட்டார். கோடியக்கரையில் இருந்த கொழுந்தனார்தான் முதலில் கேட்டாராம், "செந்திலுக்கு அறுபது ஆயிடுச்சா அண்ணி?" என்று.

அடுத்த நிமிடம் அப்பாவுக்குப் போன்.

"எம் பையனுக்கு முடி கொட்டுனது நெசந்தாங்க. அதுக்காக அறுபதாம் கல்யாணம்னு ஊருக்கே சொல்லுவீங்களா? வேணாம்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

உடனே தளத்தில் திருத்தினேன். ஏற்கெனவே போன செய்திகளில் தலைப்பு அப்படியே நின்றது. அப்பா அனுப்பியதை அழித்தேன். "அழிச்சுட்டா ஆச்சா?" என்று இரண்டாவது போன். கல்யாணத்தைப் பற்றி யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்.

"இது நின்னுச்சுன்னா உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்டா" என்று சொல்லிவிட்டு அக்கா அழுதாள்.

மறுநாள் காலை அப்பா என்னை நாகப்பட்டினத்துக்கு இழுத்துப் போனார். சம்பந்தியம்மா முன்னால் லேப்டாப்பைத் திறந்து, "தலைப்பு ஆப்ஷனல்ங்கம்மா. காலியா இருந்தா டிஃபால்ட் வந்துடும்" என்று விளக்கினேன்.

"என்னங்க சொல்றாரு தம்பி?" என்று அவர் அப்பாவைக் கேட்டார்.

"எனக்கும் புரியலைங்க" என்றார் அப்பா. (பெற்ற பாசம்!)

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "எங்க பெட்டி மேல யாவாரி பேரு எழுதுவோம். பேரு சொல்லலைன்னா பிளாண்டு பேரை மட்டும் போட்டு விட்டுடுவோம். அடுத்த யாவாரி பேரையா எழுதுவோம்?"

நான் படித்த எந்தப் பாடத்திலும் இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

"இல்லைங்க அத்தான்" என்றேன்.

அவர் மண்டையைத் தடவிக்கொண்டே சிரித்தார். "அம்மா, இவன் என்னைய கெழவன்னு சொல்லலம்மா. அந்த அளவுக்கு யோசிக்கிற ஆளு இல்ல இவன்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்ததும் நம்பிவிட்டார். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

இரண்டு வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் படிவம் கொடுத்தார்கள். பேர் விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒத்துவரவில்லை. "இப்போதைக்குக் காலியா விடுங்க" என்றாள் அக்கா.

அத்தான் பதறிப்போய்ப் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். "காலியாவா? இவன வச்சுக்கிட்டா? பச்சப்புள்ளைக்குச் சதாபிஷேகம் பண்ணிருவான்!"

அவளுக்கு இப்போது ஆறு வயது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டும் முன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்கிறாள்: "மாமா, இது எனக்கு எத்தனாவது சதாபிஷேகம்?"