முப்பத்து மூன்று வருஷமாகத் தொங்கியவன்

இந்தத் தை மாதமும் மிளகு பறிக்க மரம் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தேன். புது முடிவு ஒன்றுமில்லை. முப்பத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு தையிலும் எடுப்பதுதான். ஆனால் எடுத்த முடிவையே திரும்பத் திரும்ப எடுக்கவும் ஒரு தெம்பு வேண்டுமே, அது எனக்குக் குறைந்துகொண்டே வருகிறது.

என் பெயர் அர்த்தனாரி. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுக்காரன். ஒன்றரை ஏக்கர் மிளகுத் தோட்டம், ஒரே ஒரு மனைவி. இரண்டையும் சமாளிக்க முடியாதவன் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். ஆனால் ‘கேப்டன் நாரி’ என்று சொல்லிப் பாருங்கள், ஐம்பது தாண்டிய சிலபேர் எழுந்து நிற்பார்கள். சேலத்திலிருந்து மாதம் இருமுறை வந்துகொண்டிருந்த ‘சாகசச் சூறாவளி’ பத்திரிகையில் ஏழுகடல் மார்த்தாண்டனைப் படைத்தவன் நான்தான்.

மார்த்தாண்டன் பறக்கிற விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்குத் தாவுவான். தாவும்போதே தலையும் சீவிக்கொள்வான். அவனைப் படைத்த நான் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. உயரம் எனக்கு ஆகவே ஆகாது. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினாலே தலை சுற்றும். இந்த ரகசியம் என் மனைவி ராமாயிக்குக்கூடத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1992-இல் நாற்பத்தெட்டாவது கதை. அமேசான் காட்டில் ‘மரண முனை’ என்ற பாறையின் விளிம்பில் மார்த்தாண்டனை ஒற்றைக் கையில் தொங்கவிட்டேன். மேலே சிறுத்தை. கீழே அருவி. அருவிக்குக் கீழே பதினேழு முதலைகள். ‘தப்புவானா மார்த்தாண்டன்?’ என்று போட்டு நிறுத்தினேன். அந்த இதழோடு பத்திரிகையும் நின்றுபோனது. எனக்கு வருத்தம்தான். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியும்கூட. அவன் எப்படித் தப்புவான் என்று எனக்கே தெரியாது.

அடுத்து வந்த தையில் ராமாயி வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்க, மொளகு செவந்து போச்சு. மரம் ஏறோணும், வாங்க.”

வாயில் தானாக வந்தது எனக்கு.

“அங்க ஒருத்தன் தொங்கிட்டிருக்கான் ராமாயி. அவன எறக்கி உட்டுட்டு வாரேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். மடியிலிருந்த எழுதுகிற பேடைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். தன் அண்ணன் காளியண்ணனைக் கூப்பிட்டு மரமேற்றினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தையிலும் மச்சான் மரத்தில், மார்த்தாண்டன் பாறையில், நான் நாற்காலியில். மூன்று பேரும் அவரவர் இடத்தில் ஒழுங்காக இருந்தோம்.

இந்த வருஷம் மச்சானுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மரமேறத் தெரிந்த பையன்களெல்லாம் கட்டட வேலைக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். சரத்துக்கு ஒரு பழம் சிவந்துவிட்டால் மிளகைப் பறித்தாக வேண்டும். விட்டால் உதிரும், இல்லை குருவி தின்னும். வருஷத்துக்கு எங்களுக்கு வருகிற ஒரே விளைச்சல் அதுதான்.

“ஏனுங்க, ஏணி சாத்தியாச்சு” என்றாள் ராமாயி.

எங்கள் ஊர் ஏணி என்றால் இரண்டு கால், நடுவில் படி என்று நினைத்துவிடாதீர்கள். ஒற்றை மூங்கில். கணுவில் வெட்டாமல் விட்ட கிளைக் குச்சிகள்தான் படி. அதைச் சில்வர் ஓக் மரத்தில் சாத்தி, கொடியோடு கொடியாக ஏற வேண்டும். பார்க்கும்போதே எனக்கு உள்ளங்கால் கூசியது.

“அங்க ஒருத்தன்...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியுமுங்க. தொங்கறான். முப்பத்தி மூணு வருசமா அந்தக் கை வலிக்கலீங்களா அவனுக்கு?”

“வீரனுக்கு வலிக்காது.”

“எனக்கு வலிக்குதுங்க” என்றாள். பேனாவை உதறினேன். மை வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் எலுமிச்சம்பழம், முகத்தில் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் தெரிந்தது. நாமக்கல்லில் பள்ளிக்கூட வாத்தியாராம், அருள்ராஜ் என்று பெயர். என்னைப் பார்த்ததும் எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார்.

“கேப்டன் சார்! நாப்பத்தெட்டுக் கதையவும் ஒரே புத்தகமாப் போடறோம் சார். கடைசிக் கதைக்கு முடிவு மட்டும் வேணும். பதினெட்டு வயசுல ஆரம்பிச்சது, இன்னும் சரியாத் தூக்கமில்ல. எப்படி சார் தப்பிச்சான்?”

“யோசிச்சிட்டிருக்கேன்” என்றேன்.

“எவ்வளவு நாளாங்க சார்?”

“இப்பத்தான்.”

ராமாயி அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள். அவர் பையிலிருந்து அந்தக் கடைசி இதழின் நகலை எடுத்து விரித்தார். அவள் எட்டிப் பார்த்தாள். நாற்பத்தெட்டுக் கதை எழுதியும் அவள் ஒரு வரி படித்ததில்லை என்பது என் வாழ்நாள் குறை. அன்றைக்கு ஏன் அந்தக் குறை தீர வேண்டும் என்று கேட்கிறேன்.

“மூக்கு மாதிரி நீட்டிட்டிருக்கற பாறை” என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். “அதுக்கு எடப்பக்கம் மூணு கெளையா பிரிஞ்ச இச்சி மரம். கீழ ரெண்டா ஒழுவுற அருவி. ஏனுங்க, இது நம்ம மூக்குப் பாறையில்லீங்களா?”

“அமேசான்” என்றேன்.

“எந்த ஊரா வேணா இருக்கட்டுமுங்க. பாறை நம்ம பாறைதானுங்க?”

கதைக்கு ஒரு பயங்கரமான இடம் வேண்டியிருந்தது. எதிர்ச் சரிவில் பத்திரமாக நின்றுகொண்டு, தூரத்தில் தெரிந்த மூக்குப் பாறையைப் பார்த்து எழுதினேன். கிட்டே போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அது ஒரு தப்பா?

ராமாயி சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்தும் நிற்கவில்லை.

“அருள்ராசு கண்ணு, அந்தப் பாறைக்கு அடியில, தொங்கறவன் காலுக்கு மூணடி கீழ தடம் போவுது சாமி. தெனமும் அந்தத் தடத்துலதான் நான் மாட்டுக்குப் புல்லறுத்துட்டு வாரேன். கைய உட்டா கால் தரையில நிக்கும்!”

அருள்ராஜ் எழுந்தேவிட்டார். “மூணடியா?”

“குட்டையா இருந்தா மூணரை.”

அவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டியே விட்டாள். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். வாத்தியார் கண் கலங்கியிருந்தது. பாறையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாராம். கையை விட்டாராம். நின்றாராம்.

“பிரமாதம் சார்! ஒலக சாகசக் கதையிலயே இப்படி ஒரு முடிவு கெடையாது. ஆபத்துன்னு நெனச்சது மூணடி! அம்மா, நீங்களே எழுதிக் கொடுங்கம்மா. உங்க வாயால வந்தது உங்க கையாலயே வரட்டும்.”

“எழுதீரலாம் கண்ணு. ஆனா மொளகு பறிக்கோணுமே?”

“சார் இருக்காரே!” என்றார் அருள்ராஜ்.

என் முப்பத்து மூன்று வருஷக் கோட்டை அந்த இரண்டு வார்த்தையில் விழுந்தது. யாரும் எங்கும் தொங்கவில்லை இப்போது. சொல்ல ஒரு காரணமும் மிச்சமில்லை. போதாததற்கு வாத்தியார் செல்போனைத் தூக்கிவிட்டார்.

“மார்த்தாண்டனப் படைச்ச கை, மலை மரத்துல ஏறுது! அட்டைப்படத்துக்கு ஒண்ணு சார்.”

ஏறினேன். வேறென்ன செய்ய? ஒரு கணு. இரண்டு கணு. கூடை இடுப்பில் இடித்தது. ஐந்தாவது கணுவில் கீழே பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

“அருமை சார்! அப்படியே, அந்த வீரம்!” என்று படம் எடுத்துக்கொண்டார் அருள்ராஜ். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எலுமிச்சம்பழத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

தோட்டம் அமைதியானது. ஒரு குருவி வந்து என் மூக்குக்கு நேராக இருந்த சரத்தில் ஒரு பழம் கொத்தித் தின்றது. என்னை அது மனிதனாகவே மதிக்கவில்லை. மார்த்தாண்டனைப் பற்றி முதல்முறையாக எனக்கு மனசார வருத்தம் வந்தது. பாவம், எவ்வளவு நாள்!

வாசலில் பார்த்தேன். என் நாற்காலியில் ராமாயி உட்கார்ந்திருந்தாள். மடியில் என் பேடு. மூக்கில் என் கண்ணாடி. உதறாமலே என் பேனா அவளுக்கு எழுதிக்கொண்டிருந்தது.

“ராமாயி!” என்று கத்தினேன். “எறங்கத் தெரியல ராமாயி! வந்து ஏணியப் புடி!”

அவள் தலையைத் தூக்கவில்லை.

“கண்ண இறுக்கி மூடிக்குங்க. பல்பு மாட்டறப்ப மூடுவீங்கள்ல, அப்படி.”

“ராமாயி!”

“இருங்க சாமி” என்றாள். “இங்க ஒருத்தன் தொங்கிட்டிருக்கான். அவன எறக்கி உட்டுட்டு வாரேன்.”